ஒரே ரூபாய், இரண்டு கொடி!

அண்டை நாட்டுப் பணத்தில் இருநூறு ஆண்டு வாழ்ந்த காரைக்கால் சொல்லும் கதை

நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் போகும் பஸ் வாஞ்சூரைத் தாண்டுகிறது. தமிழ்நாடு முடிந்து, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் தொடங்குகிறது. கண்டக்டர் மீதிச் சில்லறை தருகிறார். வாங்குகிறவர் அதைத் திருப்பிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொள்கிறார். இந்தப் பக்கம் செல்லும் ரூபாய்தான் அந்தப் பக்கமும் செல்லும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இன்று அதிசயம் இல்லைதான். ஆனால் 1954-ம் ஆண்டு அக்டோபர் கடைசி வரையில் இந்த எல்லையின் அந்தப் பக்கத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. கோர்ட்டு, பிரெஞ்சுக் கோர்ட்டு. சட்டம், பாரிஸ் நகரத்துச் சட்டம். கடைத்தெருவில் புழங்கியது மட்டும் ரூபாய்!

கொடி வேறு, காசு ஒன்று. இப்படி ஓர் ஊர் வாழ முடியுமா? காரைக்கால் வாழ்ந்தது.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி இன்று உலகத்தில் பல இடங்களில் எழுந்திருக்கிறது. ஐரோப்பாவில் 11 நாடுகள் 1999-ல் "யூரோ" என்ற பொது நாணயத்தை ஏற்றுக்கொண்டன. பிறகு மேலும் பல நாடுகள் சேர்ந்தன. நம் பக்கத்திலும் 2003 டிசம்பரில், அப்போது பிரதம மந்திரியாக இருந்த வாஜ்பாய், தெற்கு ஆசிய நாடுகளுக்கு ஒரே நாணயம் வரும் காலம் பற்றி டில்லியில் பேசினார்.

பெரிய மேடைகளில் பேசப்படும் இந்தக் கேள்விக்கு, காவிரியின் கடைமடையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஒரு நாள் நடையில் மூன்று கொடி

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரை எப்படி இருந்தது தெரியுமா?

வடக்கே தரங்கம்பாடி. அங்கே 1620 முதல் டேனிஷ்காரர்கள். தெற்கே நாகப்பட்டினம். அங்கே 1658 முதல் டச்சுக்காரர்கள். நடுவே காரைக்கால். அங்கே 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள். மேற்கே தஞ்சாவூர் மராத்திய ராஜாவின் சீமை.

காலையில் கட்டுச்சோற்றுடன் தரங்கம்பாடியை விட்டுக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஒரு நாள் நடைக்குள் மூன்று ஐரோப்பியக் கொடிகள்! ஒவ்வொரு கொடிக்கும் தனிக் காசு. டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் காசு அடித்தார்கள். டச்சுக்காரர் நாகப்பட்டினத்தில் அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தார்கள்.

காரைக்காலுக்கென்றே ஒரு செம்புக் காசு உண்டு. அதன் ஒரு பக்கத்தில் புதுச்சேரி என்றும், மறு பக்கத்தில் காரைக்கால் என்றும் தமிழ் எழுத்திலேயே பொறித்திருந்தார்கள். பிரெஞ்சு ராஜாவின் காசுக்கும் தமிழ் எழுத்து தேவைப்பட்டது. வாங்குகிறவனுக்குப் புரியவேண்டும் அல்லவா! நம் "பண"த்தைப் பிரெஞ்சுக்காரர் "பனோன்" என்றார்கள். "காசு" அவர்கள் வாயில் "காஷ்" ஆயிற்று. நாம் இன்றும் சொல்லும் "துட்டு", டச்சுக்காரரின் சிறு காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

காசு பலவாக இருந்தால் கஷ்டமும் பலவாகும். புதுச்சேரியில் 8 பணம் கொடுத்தால் ஒரு ரூபாய். சென்னையில் 12 பணம் கொடுத்தால்தான் ஒரு ரூபாய். இரண்டுக்கும் பெயர் "பணம்"தான். நெல் விற்கப்போன குடியானவன் என்ன செய்வான்?

அவன் சராப்பிடம் போகவேண்டும். சராப்பு என்பவர் காசு மாற்றிக் கொடுப்பவர். அவர் காசைத் தட்டி ஓசை பார்ப்பார். தராசில் நிறுப்பார். பொன் வராகனாக இருந்தால் உரைகல்லில் தேய்ப்பார். "இது தேய்ந்த காசு" என்பார். "அந்த ஊர்க் காசுக்கு இங்கே மதிப்பு குறைவு" என்பார். கடைசியில் ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். இந்தக் கழிவுக்கு "வட்டம்" என்று பெயர். எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் விற்றவன் கையிலிருந்து கொஞ்சம் கழியும்.

பொது நாணயம் வேண்டும் என்று சொல்லுகிறவர்களின் முதல் நியாயம் இதுதான். வட்டம் மிச்சம், வாதம் மிச்சம். இந்த ஊரிலும் அந்த ஊரிலும் ஒரு சாமானின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது.

நவாபிடம் வாங்கிய உரிமை

பிரெஞ்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். தங்கள் ராஜாவின் தலையைப் பொறித்த நாணயத்தைக் கொண்டுவந்து இங்கே கொட்டினால் ஒருவனும் வாங்கமாட்டான் என்று தெரிந்துகொண்டார்கள்.

1736-ல் புதுச்சேரி கவர்னராக இருந்தவர் துய்மா. அவர் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் உரிமை பெற்று, ஆர்க்காட்டு ரூபாயைப் புதுச்சேரியிலேயே அடிக்கத் தொடங்கினார். அடித்தவர் பிரெஞ்சுக்காரர், காசில் இருந்ததோ டில்லி மொகலாயச் சக்கரவர்த்தி முகம்மது ஷாவின் பெயர். புதுச்சேரியில் அடித்தது என்று காட்ட ஒரு பிறைக் குறி மட்டும் போட்டார்கள்.

அன்றே அவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். காசில் யார் பெயர் இருக்கிறது என்பது சந்தைக்கு இரண்டாம் பட்சம். பக்கத்து ஊர்க்காரன் வாங்குவானா என்பதே முதல் கேள்வி.

1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சீமை முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்படி. சுற்றிலும் கம்பெனி சீமையாக இருக்க, நடுவில் தீவு போல் இருந்த காரைக்கால் தனிக் காசை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பழைய பிரெஞ்சிந்தியக் காசுகள் மெல்ல மறைந்தன. ஆங்கிலேயர் ரூபாயே காரைக்கால் ரூபாயும் ஆயிற்று.

1875-ல் பாரிஸில் இந்தோசீன பாங்கி என்று ஒன்று ஏற்பட்டது. பிரெஞ்சு இந்தியாவுக்கு நோட்டு அடிக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. அந்தப் பாங்கியும் இங்கே பிராங்கு நோட்டு அடிக்கவில்லை. ரூபாய் நோட்டுத்தான் அடித்தது. அதன் 50 ரூபாய் நோட்டு ஒன்றில் துய்ப்ளேயின் படம் இருந்தது. நோட்டு பிரெஞ்சு, மதிப்பு, பக்கத்து ஆங்கிலேயர் ரூபாய்க்குச் சமம்.

ஒன்பதரை அணா, காலணாவுக்கும் கீழே!

இதனால் காரைக்கால் மக்களுக்கு என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

முதல் மகா யுத்தத்துக்கு முன்னால், ஒரு ரூபாய்க்குச் சுமார் 1.68 பிராங்கு. அதாவது ஒரு பிராங்கு சுமார் ஒன்பதரை அணா.

இரண்டு மகா யுத்தங்கள் வந்தன. பிரான்சு நொந்துபோயிற்று. 1945 டிசம்பரில் ஒரு ரூபாய்க்கு 36 பிராங்கு என்று விகிதம் வைத்தார்கள். பிராங்கின் மதிப்பு மேலும் மேலும் இறங்கி, 1949-ல் ஒரு ரூபாய்க்கு 73 பிராங்குக்கு மேல் கொடுக்கவேண்டி வந்தது. ஒன்பதரை அணாவாக இருந்த பிராங்கு, காலணா கூடப் பெறவில்லை!

காரைக்காலில் ஒரு குடும்பத் தலைவர் 1914-ல் பெண்ணின் கல்யாணத்துக்கென்று 500 ரூபாய் சேர்த்து வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் 840 பிராங்காக மாற்றிப் பெட்டியில் பூட்டியிருந்தால், 1949-ல் அது 12 ரூபாய் கூடப் பெறாது. விலைவாசி ஏறியதால் ரூபாயின் வலுவும் அந்த ஆண்டுகளில் தேய்ந்ததுதான். ஆனால் பிராங்கு தேய்ந்த தேய்மானத்துக்கு அது ஈடாகாது.

கொடிக்குச் சொந்தக்காரன் நாட்டுப் பணத்தை விட்டு, அண்டை வீட்டுப் பணத்தில் நின்றதால் காரைக்கால் தப்பியது. பொது நாணயத்தின் இரண்டாவது லாபம் இது. உறுதியான பணத்தோடு ஒட்டிக்கொண்ட சிற்றூருக்கும் உறுதி கிடைக்கிறது.

பெட்டி இங்கே, சாவி அங்கே

இவ்வளவோடு கதை முடிந்தால் பொது நாணயத்தைப் போல் நல்லது வேறு இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் முடியவில்லை.

1893-ல் ஆங்கிலேய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. அதுவரை யாரும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். அந்த வழியை மூடிவிட்டார்கள். அன்று முதல் வெள்ளி வேறு, ரூபாய் வேறு. வெள்ளியாகச் சேர்த்து வைத்த குடும்பங்களுக்கு நஷ்டம். உத்தரவு போட்டவர்கள் காரைக்காலைக் கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

1949 செப்டம்பரில் டில்லி சர்க்கார், டாலருக்கு எதிராக ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காரைக்கால் ரூபாயும் அன்றே குறைந்தது. டில்லி பார்லிமெண்டில் காரைக்காலுக்கு ஓட்டு ஏது?

பணப்பெட்டி நம் வீட்டில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கிற வரையில் குறை தெரியாது.

இன்னொரு சங்கதியும் அதே ஆண்டில் தெரிந்தது. 1941 முதல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் இருந்தது. சாமான்கள் தடையில்லாமல் போய் வந்தன. 1949-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. எல்லையில் சுங்கச் சாவடிகள் வந்தன. மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். கள்ளக்கடத்தலும் பெருகிற்று. ரூபாய் அதே ரூபாய்தான், வழிதான் அடைபட்டது! காசு ஒன்றாக இருந்தால் சந்தையும் தானாக ஒன்றாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

சைகோனிலிருந்து வந்த பணம்

அந்தக் காலத்தில் காரைக்கால்காரர் பலர் சைகோனில் இருந்தார்கள். சிலர் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்தில். சிலர் ஜவுளி முதலான வியாபாரத்தில். அங்கே செலாவணியாக இருந்த பணத்துக்குப் பியாஸ்தர் என்று பெயர். நெடுங்காலம் அதை அடித்ததும் அதே இந்தோசீன பாங்கிதான். வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் அதுவே பொது நாணயம்.

1945 முதல் ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்கு என்று பாரிஸ் விகிதம் வைத்திருந்தது. 1953 மே 11-ந் தேதி, திடீரென்று 10 பிராங்கு என்று குறைத்துவிட்டது. மூன்று நாடுகளையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆயிரம் பியாஸ்தர் சேமித்து வைத்த ஒருவரின் பணம், சர்க்கார் விகிதப்படி முதல் நாள் சுமார் 231 ரூபாய். மறுநாள் 136 ரூபாய். திருட்டுப் போகவில்லை. நெருப்புப் பிடிக்கவில்லை. பாரிஸில் ஒரு கையெழுத்து விழுந்தது, அவ்வளவுதான்.

மூன்று நாடுகளும் கொதித்தன. அடுத்த சில ஆண்டுகளுக்குள் தனித்தனியாக நாணயம் அமைத்துக்கொண்டு பிரிந்தன. கேட்காமல் எடுத்த முடிவு, பொது நாணயத்தையே உடைத்துவிட்டது.

நோட்டுக்குப் பின்னால் யார்?

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் பிரெஞ்சிந்திய மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. கொடியும் மாறியது.

அப்போது காரைக்கால் வீடுகளில் இந்தோசீன பாங்கி அடித்த ரூபாய் நோட்டுகள் இருந்தனவே, அவை என்ன ஆயின? இனிச் செல்லாது என்று தூக்கி எறிந்தார்களா?

இல்லை. அந்த நோட்டுகளைச் சுற்றிலிருந்து திரும்பப் பெற்று இந்திய ரூபாய் கொடுத்தார்கள். அப்படித் திரும்பப் பெற்ற நோட்டுகளின் முழு மதிப்பையும், பவுன் நாணயமாகவோ இந்திய ரூபாயாகவோ பிரெஞ்சு சர்க்கார் ஓராண்டுக்குள் இந்தியாவுக்குத் தந்துவிடவேண்டும் என்று இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1956 மே 28-ந் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு விதியே உண்டு.

தமிழில் "நாணயம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காசுக்கும் நாணயம் என்று பெயர்; சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். முதல் நாணயம் செல்லவேண்டுமானால் இரண்டாவது நாணயம் அதற்குப் பின்னால் நிற்கவேண்டும். நோட்டு வெறும் காகிதம். "நான் தருகிறேன்" என்று ஒருவன் பின்னால் நிற்பதால்தான் அதற்கு மதிப்பு.

வளைகுடாவில் ரூபாய்

ரூபாய் கடல் தாண்டியும் போயிருக்கிறது. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் முதலிய இடங்களில் ஒரு காலத்தில் நம் ரூபாய்தான் செலாவணி.

அங்கிருந்து தங்கம் கள்ளத்தனமாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு விலையாக ரூபாய் நோட்டு அங்கே போயிற்று. அந்த நோட்டுகள் திரும்பி வந்தபோது இந்தியா அவற்றுக்குப் பவுன் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஓட்டையை அடைக்க, 1959 மே மாதத்தில் ரிசர்வ் பாங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. அது இந்தியாவுக்குள் செல்லாது; மதிப்பு மட்டும் ஒன்று.

குவைத் 1961-ல் தன் தினாரைத் தொடங்கி விலகியது. பஹ்ரைன் 1965-ல் விலகியது. 1966 ஜூன் 6-ந் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அன்று முதல் 7 ரூபாய் 50 காசு. இந்தியாவின் கஷ்டத்துக்காக எடுத்த முடிவு அது. கத்தார், துபாய் மக்களின் பையில் இருந்த பணமும் அதனால் இளைத்துப் போயிற்று. "உங்கள் வீட்டுக் கடனுக்கு எங்கள் வீட்டு நகையா?" என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்கள் ரூபாயைக் கைவிட்டு வேறு நாணயத்துக்குப் போய்விட்டார்கள்.

காரைக்கால் 1893-லும் 1949-லும் பட்டதையே வளைகுடா 1966-ல் பட்டது. இந்தத் தடவை சாவி நம் கையில் இருந்தது!

யூரோ வரும் வீடுகள்

1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று இடம் தந்தார்கள். காரைக்காலில் அப்படி இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்த "சொல்தா"க்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது.

முதலில் பிராங்குக் கணக்கில் வந்தது. 2002-ல் பிராங்கு போய் யூரோ வந்தது. 6.55957 பிராங்குக்கு ஒரு யூரோ. பழைய பிராங்கு நோட்டை மாற்றிக்கொள்ளப் பத்து ஆண்டு தவணை கொடுத்தார்கள். 2012 பிப்ரவரி 17-ந் தேதியோடு அதுவும் முடிந்தது. எந்த வீட்டுப் பீரோவிலாவது ஒரு பிராங்கு நோட்டு மறந்து கிடந்திருந்தால், அதற்குப் பிறகு அது பேரன் விளையாடும் காகிதம்தான்.

யூரோவால் ஐரோப்பாவுக்கு நன்மை உண்டு. ஒரு நாட்டில் சம்பாதித்து அடுத்த நாட்டில் செலவு செய்யலாம். வட்டம் கொடுக்க வேண்டாம். ஆனால் கிரீஸ் நாட்டின் கதையையும் கேட்கவேண்டும்.

கிரீஸ் 2001-ல் யூரோவில் சேர்ந்தது. சுலபமாகக் கடன் கிடைத்தது; வாங்கிக் குவித்தது. 2010-ல் கடனைக் கட்ட முடியாமல் தவித்தது. சொந்த நாணயம் இருந்திருந்தால், அதன் மதிப்பைக் குறைத்துத் தன் சாமான்களை மலிவாக்கி வெளிநாட்டில் விற்றிருக்கலாம். அந்த வழி அடைபட்டிருந்தது. ஆகவே சம்பளத்தைக் குறைத்தார்கள், பென்ஷனைக் குறைத்தார்கள், வரியை ஏற்றினார்கள். 2013-ல் வேலை தேடுவோரில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. 2015 ஜூன் கடைசியில் பாங்கிகளை மூடினார்கள். இயந்திரத்தில் நாள் ஒன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. தன் சொந்தச் சேமிப்பை எடுக்கக் கிழவர்கள் வரிசையில் நின்றார்கள்.

கிரீஸுக்கு யூரோவின் நிர்வாகத்தில் ஒரு நாற்காலி இருந்தது, ஓட்டு இருந்தது. இல்லாதது பொதுப் பணப்பெட்டி. உதவி வந்தது. ஆனால் அண்ணன் வீட்டுக் கடனாகத்தான் வந்தது. கூட்டுக் குடும்பத்துச் சாப்பாடாக வரவில்லை.

நாகப்பட்டினத்துக் கப்பல்

இப்போது நம் கடற்கரைக்குத் திரும்புவோம். 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் அந்தத் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கப்பலில் சில மணி நேரம். அந்தப் பக்கம் இறங்கினால் அதே தமிழ், அதே தோசை. பணம் மட்டும் வேறு.

ஒரு காலத்தில் அதுவும் வேறாக இல்லை. 1872 முதல் இலங்கையின் பணமும் ரூபாய்தான். 1950-ல் இலங்கைக்குத் தனி மத்திய பாங்கி வந்த பிறகும், 1966 வரை ஓர் இந்திய ரூபாய்க்கு ஓர் இலங்கை ரூபாய்தான். 2024-ல் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் கிடைத்தது.

2022-ல் இலங்கை பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்தது, சில வாரங்களில் 360 ரூபாய் ஆயிற்று. ஏப்ரல் 12-ந் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடு அறிவித்தது. செப்டம்பரில் விலைவாசி முந்தின ஆண்டைவிட நூற்றுக்கு 70 அளவு ஏறியிருந்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மைல் கணக்கில் வரிசை. சொந்த நாணயம் இருந்தும் அது காப்பாற்றவில்லை; நோட்டு அச்சடித்த கையே அதை மலிவாக்கியும் விட்டது.

அப்படியானால் இலங்கை இந்திய ரூபாயையே எடுத்துக்கொண்டால் என்ன? கேள்வி நியாயமானது. பூடான் இன்றும் தன் பணத்தை இந்திய ரூபாய்க்குச் சமமாக வைத்து, இந்திய நோட்டையும் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பூடானுக்கும் நேபாளத்துக்கும் 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு என்ன நடந்தது? 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டில்லி அறிவித்தது. அந்த நாட்டு மக்களின் கையிலும் அந்த நோட்டுகள் இருந்தன. தன்னிடம் சிக்கிய பழைய நோட்டுகளை மாற்றித் தரும்படி நேபாளம் பல தடவை கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டி இங்கே, சாவி அங்கே. மறுபடியும் அதே பழைய பாட்டு!

மூன்று கேள்விகள்

ஒரு நாடு பொது நாணயத்தில் சேரலாமா, கூடாதா? இந்தக் கடற்கரையின் அனுபவத்தைப் பார்த்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும்.

முதல் கேள்வி: நோட்டு அடிக்கிற, மதிப்பைக் குறைக்கிற கூட்டத்தில் நமக்கு ஒரு நாற்காலி உண்டா?

இரண்டாவது கேள்வி: நமக்குக் கஷ்ட காலம் வந்தால் பொதுப் பெட்டியிலிருந்து உதவி வருமா, கடன் வருமா?

மூன்றாவது கேள்வி: நோட்டைப் போலவே நெல்லும், துணியும், வேலை தேடும் மனிதனும் தடையில்லாமல் எல்லையைத் தாண்டலாமா?

பிரெஞ்சுக் காலத்துக் காரைக்காலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் என்ன? நாற்காலி இல்லை. பொதுப் பெட்டி இல்லை. வழி, 1949 வரை இருந்தது, பிறகு இல்லை. பிராங்கு அதைவிட மோசமாக இருந்ததால்தான் ரூபாய் நல்லதாகத் தெரிந்தது.

இன்றைய காரைக்காலிலும் செல்லுவது அதே பெயருள்ள ரூபாய்தான். ஆனால் மூன்றுக்கும் பதில் மாறிவிட்டது. புதுச்சேரித் தொகுதியில் ஓட்டுப் போட்டு டில்லி பார்லிமெண்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து காரைக்கால் மீனவர் குப்பங்களை அழித்தபோது, மத்திய சர்க்காரின் பணமும் அங்கே வந்தது. வேலை தேடிச் சென்னைக்கோ பம்பாய்க்கோ போக யாரையும் கேட்க வேண்டாம். பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே ரூபாய் பொருந்துவதும் இந்தக் காரணங்களால்தான். மாநிலங்களுக்குள் சண்டை உண்டு; "எங்கள் பங்கு குறைவு" என்று முறையீடு உண்டு. ஆனாலும் முறையிடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

இந்தியாவும் இலங்கையும், அல்லது தெற்கு ஆசிய நாடுகள் எல்லாமும், இன்று இந்த மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. விஸா வேண்டும், சுங்கம் உண்டு, பொதுப் பெட்டி கிடையாது. ஆகவே பொது நாணயம் இப்போதைக்கு வேண்டாம் என்பதே நியாயமான பதில்.

ஆனால் சராப்பின் வட்டத்தைக் குறைக்கப் பொது நாணயம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி முதல், இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இலங்கைக் கடைகளில் செல்போனில் யுபிஐ மூலம் பணம் செலுத்த வழி வந்திருக்கிறது. வாங்குகிறவர் தம் ரூபாயில் கொடுக்கிறார். விற்கிறவர் தம் ரூபாயில் பெறுகிறார். அவரவர் பெட்டி, அவரவர் சாவி. நாணயத்தை ஒன்றாக்காமலே போக்குவரத்தைச் சுலபமாக்கும் வழிகள் இவை. கப்பல், சுங்கம், விஸா என்று ஒவ்வொரு கதவாகத் திறந்த பிறகு, கடைசியில் பேசவேண்டியது பொது நாணயம். அதை முதலில் பேசினால் கிரீஸின் கதைதான்.

வாஞ்சூர் எல்லையில் பஸ் கண்டக்டர் கொடுத்த பத்து ரூபாய் நோட்டை ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகப் பல மொழிகளில் எழுதியிருக்கும். அதில் தமிழிலும் "பத்து ரூபாய்" என்று இருக்கிறது. பழைய பிரெஞ்சுக் காசிலும் காரைக்கால் என்று தமிழ் எழுத்து இருந்தது. அந்தக் காசு காரைக்காலின் பெயரைப் போட்டுக்கொண்டது. காரைக்காலைக் கேட்டு நடக்கவில்லை. இந்த நோட்டைப் பற்றிக் கேள்வி கேட்கக் காரைக்காலுக்கு ஓட்டு இருக்கிறது.